நான்கு மீட்டர் இருபது

மூன்று மணிக்கு வீடு பார்க்க வருவதாயிருந்த திருமதி குவெக்
வரவில்லை. மழை என்று செய்தி அனுப்பினார்.
பஸோரா தெருவில் ஒதுங்க இடம் தேடினேன்.
துருக்கி ஐஸ்கிரீம்காரன்தான் கூப்பிட்டான்.
சிவப்புத் தொப்பி, கறுப்புக் குஞ்சம்.
கொள்ளுத்தாத்தா உதுமானியச் சுல்தானின் சமையற்கட்டில் இருந்தாராம்.
(அந்தத் தொழிலில் எல்லோருக்கும்
அப்படியொரு கொள்ளுத்தாத்தா உண்டு.)
நீட்டினான். பிடித்தேன். கையில் வெறும் கூம்பு.
மறுபடி நீட்டினான். மறுபடி இல்லை.
கொடுப்பதுபோல் கொடுத்துப் பிடுங்குவதற்கு
ஏழு வெள்ளி.

"அரண்மனைக்கா?" என்றான், மஞ்சள் கட்டடத்தைக் காட்டி.
"எங்கள் ஊரில் இது வாயிற்காவலன் அறை.
அங்கே அந்தப்புரமே ஒரு தெரு நீளம்.
எல்லாம் இப்போது டிக்கெட்."
இங்கே உள்ளூர்க்காரருக்கு இலவசம் என்றேன்,
ஏதோ ஜெயித்துவிட்டதுபோல்.

பதினாறு வருடமாக வீடு விற்கிறேன்.
எந்த வாசலில் கால் வைத்தாலும்
மண்டைக்குள் விளம்பரம் ஓடத் தொடங்கிவிடும்:
தனி வீடு. இரண்டு மாடி. நல்ல காற்றோட்டம்.
எம்ஆர்டி நடக்கும் தூரம்.
விசாலமான சமையலறை...
சமையலறையைக் காணோம்.
கழிப்பறைக்கு அம்புக்குறி வெளியே போகச் சொல்கிறது.
படுத்த இடம் எது, துணி காய்ந்தது எங்கே,
பல் விளக்கிய தண்ணீர் எந்த வழியாகப் போனது?
கண்ணாடிப் பேழைக்குள் ஒரு வெற்றிலைப் பெட்டி,
அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் விளக்கு.
குத்தகையில் எத்தனை வருடம் மிச்சம் என்று
காவலரிடம் வாய்தவறிக் கேட்டிருப்பேன்.

மாடியில் ஓர் அறையில்
எதையும் பார்க்காமல் ஒருவர் நின்றிருந்தார்.
பேழைகளுக்கு முதுகு, சன்னலுக்கு முகம்.
அறுபதிருக்கும். லாரி கம்பெனிச் சட்டை,
பாக்கெட்டின் மேல் நூலால் தைத்த பெயர்: ஹம்டான்.
"ஃபிரிட்ஜ் இங்கேதான் இருந்தது" என்றார்,
நான் கேட்டதுபோல.
"கதவு சாத்தாது. கயிறு போட்டுக் கட்டுவோம்."
ராஜ பரம்பரையா என்று கேட்க நினைத்தேன்.
ஃபிரிட்ஜைக் கயிற்றால் கட்டியவரிடம்
எப்படிக் கேட்பது?
அவரே சொன்னார்: "ராஜா வீடுதான்.
குழாய்தான் ஒன்று. காலையில் வரிசை."

ஏழு பிள்ளைகள்.
இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓட்டப்பந்தயம்.
போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்குமாம்.
"சின்னதாக்கிவிட்டார்கள்" என்றார் குரலைத் தாழ்த்தி,
வீட்டுக்காரர் காதில் விழக்கூடாது என்பதுபோல.
"சுவரை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். பாருங்கள்."
தட்டினார்.
காவலர் இருமினார்.

என் கைப்பையில் லேசர் அளவி எப்போதும் உண்டு.
சிவப்புப் புள்ளி போய் எதிர்ச்சுவரில் உட்கார்ந்தது.
நான்கு மீட்டர் இருபது.
சன்னல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.
சுவரும் யாரும் அசைக்காத பழைய சுவர்.
எனக்குத் தெரியும்; தெரிவதற்குத்தான் கமிஷன்.

"எவ்வளவு?"

பால்கனியைப் படுக்கையறை என்று விற்றிருக்கிறேன்.
இரண்டு புளோக்குகளுக்கு நடுவே
விரற்கடை நீலம் தெரிந்தால்
கடற்காட்சி என்று எழுதியிருக்கிறேன்.
ஒருநாளும் கூசியதில்லை.
திரையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு,
"பேட்டரி போய்விட்டது அங்கிள்" என்றேன்.
வார்த்தை தொண்டையில் கொஞ்சம் ஒட்டியது.

"பரவாயில்லை" என்றார்.
சுவரில் முதுகை ஒட்டி நின்று,
காவலர் வேறுபக்கம் திரும்பும்வரை காத்திருந்து
நடக்கத் தொடங்கினார்.
சாத்து, டுவா, தீகா, உதடு மட்டும் அசைய.
எட்டாவதில் சுவர் வந்துவிட்டது.

கொஞ்சநேரம் அதைப் பார்த்தார்.
திரும்பி மறுபடி எண்ணினார்,
இந்தமுறை
இன்னும் சின்னச் சின்ன அடியாக வைத்து.